கொக்குக் கூடு பார்க்கப் போய் வெடி கொளுத்தின சனிக்கிழமை

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கிழக்கில், நாகர்கோவிலுக்கு மேற்கே, கடல்நீரேரிக் கரையில் ஒரு கண்டல் காடு இருக்கிறது. மாசி, பங்குனியில் அங்கே கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். இந்த வருடம் மாசிக் கடைசிச் சனிக்கிழமை நல்லூரிலிருந்து பதினேழு பேர் அதைப் பார்க்கப் போய் வந்தோம். போன வழியையும் செலவையும் எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். கேட்டவர்களில் அரைவாசிப் பேர் அங்கே நடந்ததை வேறு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆகவே நானே எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் கண்டதை மாற்றிச் சொல்லுகிற பழக்கம் என்னிடம் இல்லை.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் கதிரவேலுச் சட்டம்பியார். பள்ளிக்கூடத்திலிருந்து இளைப்பாறிய பிறகு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஆட்களைச் சேர்த்து எங்கேயாவது புறப்படுவார். குளம் பார்க்க, வௌவால் தொங்குகிற மரம் பார்க்க, ஆமை முட்டையிடுகிற மணல் பார்க்க. அவருடன் போவதென்றால் இரண்டு கட்டளை உண்டு. போகிற இடத்தை யார் காக்கிறாரோ அவர் சொல்லுக்கு அடங்கி நடக்க வேண்டும். பார்த்துவிட்டுச் சும்மா திரும்பக் கூடாது, அந்த இடத்துக்கு வேண்டிய ஒன்றைச் செய்துவிட்டு வர வேண்டும். போன ஆவணியில் ஒரு குளத்தில் ஆளுக்குப் பத்துக் கடகம் சேறு அள்ளினோம். எனக்கு எட்டாம் கடகத்தோடு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பத்தும் அள்ளினேன் என்று சட்டம்பியார் தன் கொப்பியில் எழுதியிருக்கிறார். எட்டுத்தான்.

இந்த முறை வேண்டியிருந்தது கண்ணும் கணக்கும். அந்தக் காடு முடிக்குரிய காணி. வருடா வருடம் சுண்ணாம்புச் சூளைக்கு விறகாக அந்தக் கரையைத் துண்டு துண்டாக அரசாங்கக் கச்சேரியார் ஏலம் கூறுவார்கள். கூடு இருக்கிற நடுத்துண்டின் முறை இந்த வருடம் வந்துவிட்டது. கரையில் குடியிருந்து வீச்சுவலை போட்டுப் பிழைக்கிற நாகமுத்து என்பவர்தான் அதை மறித்து நிற்கிறார். மூன்று வருடத்துக்கு முன் பக்கத்துத் துண்டை வெட்டிய பிறகு அந்தப் பக்கத்தில் இறாலே படவில்லையாம். கண்டல் வேருக்குள்தான் இறால் குஞ்சு வளரும், பறவையின் எச்சத்தைத் தின்றுதான் அது கொழுக்கும் என்பது அவர் கட்சி. ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் நாலு தடவை நடந்திருக்கிறார். கடைசியில் விதானையார், "சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்து பார்ப்பன். கூடு கிடந்தால் கச்சேரிக்கு எழுதி அந்தத் துண்டை விடுவிப்பன். இல்லையெண்டால் கோடரிதான்" என்று சொல்லிவிட்டார். நல்லூரிலிருந்து வந்தவர்கள் கூட்டை எண்ணி எழுதிக் கொடுத்தால் விதானையாருக்கும் கச்சேரிக்கு எழுத வசதியாக இருக்கும் என்றுதான் சட்டம்பியார் அதே சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நல்லூர்த் தேரடியிலிருந்து லொறி புறப்பட்டது. ஆளுக்கு அறுபது சதம். பலகை போட்ட லொறிதான். சாக்கு மடித்துக் கொண்டு போகாதவர்கள் கோப்பாய் தாண்டும்போதே வருந்துவார்கள். மாசிப் பனி. தலையை மூடிக்கொள்ள ஒரு சால்வை கட்டாயம் வேண்டும். லொறி ஓட்டி துரைராசா வல்வெட்டித்துறைப் பொடியன், வாய்க்காரன். என்னைக் கை பிடித்து ஏற்றியபோது, "ஆச்சி, மடியிலை என்ன மூட்டை, சீதனமோ?" என்று கேட்டான். பொங்கலுக்குச் சர்க்கரையும் பயறும் என்றேன். அதற்கு அடியில் ஒரு கட்டுச் சீனவெடி இருந்ததை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரியமாக எனக்குப் படவுமில்லை.

ஏறிப் பார்த்தால் எதிர்ப் பலகையில் செல்லாச்சி. என் தமையனின் பெண்சாதி; எனக்கு மச்சாள். பதினொரு வருடமாக நானும் அவளும் கதைப்பதில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு பங்குக் கிணறு. பதினொரு வருடத்துக்கு முன், பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, எங்கள் முறை நாளில் அவள் ஆள் வைத்துத் துலா மிதிப்பித்துத் தன் புகையிலைக்கு இறைத்தாள். என்னுடைய கத்தரிக் கன்று நூற்று நாற்பத்திரண்டு வாடிப் போயிற்று. நூற்று நாற்பத்திரண்டையும் என் கையால் பிடுங்கிப் போட்டேன். லொறியில் வேறு இடம் இல்லை. நெல்லியடி மட்டும் பதினாறு மைல் கட்டை தூரமும் நான் அவள் தலைக்கு மேலால் வேலியைப் பார்த்துக்கொண்டு போனேன். கோப்பாயிலிருந்து ஆவரங்கால் மட்டும் எல்லா வேலியும் எனக்குப் பாடம்.

வல்லைவெளியில் முனியப்பர் கோயிலடியில் லொறி நின்றது. துரைராசா இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தான். அங்கே காற்று ஆளைத் தள்ளும். குடையை விரிக்க வேண்டாம். நெல்லியடிக்கு ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சந்தியில் இரண்டு தேத்தண்ணிக் கடை உண்டு. கரவெட்டிக்குத் திரும்புகிற பக்கத்துக் கடைக்குப் போங்கள். மற்றக் கடைக்காரன் நாலு வருடத்துக்கு முன் எனக்கு முதல் நாள் வடையைச் சூடு காட்டித் தந்தவன். இப்போது நல்ல வடை சுடுகிறானாம். சுடட்டும்.

அங்கிருந்து பருத்தித்துறை நாலு கட்டை, பருத்தித்துறையிலிருந்து கிழக்கே குடத்தனை ஏழு கட்டை. எட்டேகாலுக்குக் குடத்தனை. அதற்கு அப்பால் மணல், லொறி புதையும். சட்டம்பியார் முதலே சொல்லி வைத்த நாலு மாட்டு வண்டி நின்றன. ஆளுக்குப் பதினைந்து சதம். நாலு கட்டை தூரத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும். பாதி வழியில் மாட்டைப் பார்த்துப் பாவப்பட்டு ஆம்பிளைகள் இறங்கி நடந்தார்கள். துரைராசாவும் லொறியைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தான்.

நாகமுத்து கரையில் காத்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், கறுத்து ஒடிந்த உடம்பு, கதை குறைவு. எல்லாரையும் பார்த்து ஒரு தடவைதான் சொன்னார்:

"அங்காலை பூவரசுக்குக் கீழை வைரவர் சூலம் கிடக்குது. பொங்கிறவை அதிலை பொங்கலாம், புகை மற்றப் பக்கம்தான் போகும். சத்தம் மட்டும் போடாதேங்கோ. இப்ப முட்டையும் குஞ்சுமாய்க் கிடக்கிற நேரம்."

"ஓம், ஓம்" என்று எல்லாரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன்.

அரைக் கட்டை தூரம் சேற்றுத் தண்ணீருக்குள்ளால் நடந்தோம். முழங்கால் மட்டும் வரும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் கரையில் நின்றே பார்க்கலாம். முதல் மரம் கரையிலேயே இருக்கிறது. உள்ளே போனதும் நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். மரம் எல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளை. கொக்குகள் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன. நாரை கழுத்தை வளைத்துத் தன் நிழலைக் குஞ்சின் மேல் விழுத்திக்கொண்டு நிற்கிறது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்கிறது. பொல்லாத நாற்றம், பத்து நிமிடத்தில் பழகிவிடும். சட்டம்பியார் தூரக்கண்ணாடியை ஆள் ஆளாகக் கொடுத்தார். அதற்குள்ளால் ஒரு குஞ்சைப் பார்த்தேன். தலையில் நாலு மயிர், உடம்பெல்லாம் வாய். தாய் தொண்டைக்குள்ளிருந்து மீனைக் கக்கிக் கொடுத்தது. என் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஊட்டினவள் நான், எனக்கே களைப்பு வந்தது.

பிறகு எண்ணிக்கை. சட்டம்பியாரின் முறை இப்படி. ஒரு மரத்துக்கு இரண்டு பேர். இருவரும் வெவ்வேறு இடத்தில் நின்று தனித்தனியே எண்ண வேண்டும். ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது. எண்ணியதை அவர் காதில் வந்து சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்து வந்தால் ஒரு எண்ணைக் கொப்பியில் எழுதுவார். ஒத்து வராவிட்டால் இரண்டையும் எழுதுவார். கரையில் நின்ற முதல் மரத்துக்கு என்னையும் செல்லாச்சியையும் போட்டார்.

"சட்டம்பியார், வேறை ஆள் இல்லையோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ரண்டுபேரும் எப்படியும் கதைக்க மாட்டியள். இதைவிடத் தோதான சோடி எனக்கு எங்கை கிடைக்கும்?" என்றார்.

நான் மரத்துக்கு வலப்பக்கம் நின்றேன். கீழ்க் கொப்பில் மூன்று கூடு, நடுவில் ஐந்து, உச்சியில் மூன்று. ஆகப் பதினொன்று. நடுவில் இருந்த ஐந்தில் இரண்டு நாரை, மற்ற எல்லாம் கொக்கு. மூன்று தடவை எண்ணினேன். செல்லாச்சி இடப்பக்கம் நின்றாள். அவள் சட்டம்பியாரின் காதில் என்ன சொன்னாளோ தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தபோது ஒத்து வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு எண்ணி முடித்துக் கரைக்கு வந்து, வைரவர் சூலத்துக்கு முன்னால் அடுப்பு மூட்டினோம். எங்கே போனாலும் அந்த இடத்துத் தெய்வத்துக்குப் பொங்காமல் நாங்கள் சாப்பிட்டதில்லை. முதல் மரத்துக்கும் பூவரசுக்கும் நூறு யார் தூரம் இருக்கும். பதினொன்றேகாலுக்குப் பால் நுரைத்து வந்தது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம். நான் மடியிலிருந்த கட்டை எடுத்துத் துரைராசாவிடம் கொடுத்தேன்.

"கொளுத்தடா மோனை, பால் பொங்கீற்றுது."

அவன் கொளுத்தினான்.

வாசிக்கிறவர்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி, உள்ளதைச் சொல்லுகிறேன். நாகமுத்து சத்தம் போட வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பெண்டுகள் கூடிக் கதைக்கிறதையும் சிரிக்கிறதையும் சொல்லுகிறார் என்றுதான் நினைத்தேன். பொங்கல் வெடியை நான் பிறந்த நாளிலிருந்து சத்தம் என்று நினைத்ததில்லை. பாலும் அரிசியும் போல அதுவும் பொங்கலில் ஒரு பங்கு. என்னைச் சுற்றி நின்ற பதினாறு பேரில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. சட்டம்பியார்கூடத் தன்னை அறியாமல் கையைக் கூப்பினார்.

இருபத்துநாலு வெடியும் வெடித்து முடிய, காடு எழும்பியது. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மரத்தின் மேலிருந்த வெள்ளை முழுவதும் ஒரேயடியாக ஆகாயத்துக்குப் போயிற்று. வெயில் மறைந்தது. அந்த இரைச்சலுக்கு முன் என் வெடி ஒன்றுமே இல்லை. பிறகு அது கடல் பக்கமாக விலகிப் போனது. மரம் பச்சையாய் நின்றது. குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

நாகமுத்து குடிசைக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"ஆர் வெடி கொளுத்தினது?"

"ஆச்சி குடுத்தா, நான் கொளுத்தினன்" என்றான் துரைராசா. ஒரு கணமும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை நான் மறக்கவில்லை.

நாகமுத்து என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "இந்த வெயிலிலை குஞ்சு கனநேரம் தாங்காது, ஆச்சி. காகம் அதுக்கு முதல் வந்திடும்" என்றார். சொல்லி முடிய முன்பே தெற்குப் பக்கமாக நாலு காகம் வந்துவிட்டது.

"அடுப்பை அணையுங்கோ. எல்லாரும் தாழம்பத்தைக்கு அங்காலை போய் நிலத்திலை இருங்கோ. நிமிரக் கூடாது, கதைக்கக் கூடாது. ஆரிட்டையாவது கறுத்தக் குடை இருக்கோ?"

பொங்கின அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைப்பதைப் போல் ஒரு கேடு எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. நான்தான் ஊற்றினேன். வைரவரிடம் பிறகு கதைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குடை என்னிடம்தான் இருந்தது. யாழ்ப்பாணம் பெரிய கடையில் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நாகமுத்து அதை வாங்கிக் கம்பியிலிருந்து சீலையைக் கிழித்தார். துண்டு துண்டாக்கி நீட்டுத் தடிகளின் நுனியில் கட்டினார். தோட்டத்தில் செத்த காகத்தைக் கட்டித் தூக்குவது எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டால் மற்றக் காகம் வராது. செத்த காகத்துக்கு எங்கே போவது, என் குடைதான் காகமாயிற்று. ஐந்து தடியையும் சுமந்துகொண்டு அவர் தனியே தண்ணீருக்குள் இறங்கி மரங்களுக்கு நடுவே போனார். பறவைகளுக்கு அவரைத் தெரியும், நாங்கள்தான் அந்நியர்.

பதினாறு நல்லூராரும் ஒரு லொறி ஓட்டியும் தாழம்பற்றைக்குப் பின்னால் மணலில் குந்திக்கொண்டு வாயைத் திறக்காமல் நாலரை மணித்தியாலம் இருந்தோம். இதை நேரில் கண்டவர்கள் மட்டும்தான் நம்புவார்கள். சந்தை விலை கேட்க ஆளில்லை, சம்பந்தம் பேச ஆளில்லை. ஒரு பெண்பிள்ளைக்குத் தும்மல் வந்து முந்தானையை வாய்க்குள் அடைத்தாள். பொங்காத பச்சரிசியை வாழையிலையில் வைத்துக் கொறித்தோம். எனக்கும் செல்லாச்சிக்கும் மாத்திரம் அது கஷ்டமாக இருக்கவில்லை. எங்களுக்கு அதில் பழக்கம் உண்டு.

பன்னிரண்டரைக்கு முதல் கொக்கு வந்து மேலே வட்டமிட்டது. இறங்கவில்லை. ஒரு மணிக்கு உள் மரங்களில் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மூன்று மணிக்கு உள்ளே அரைவாசிக்கு மேல் வெள்ளை திரும்பிவிட்டது. கரையில் நின்ற முதல் மரத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வெடிக்கு மிகக் கிட்ட நின்ற மரம் அது.

நாலு மணிக்குச் சொன்னபடி விதானையாரின் திருக்கல் வண்டி வந்தது. கோட்டும் தலைப்பாகையும் புதுச் சப்பாத்தும் போட்ட மனிதர். இறங்கி நேரே கரைக்கு வந்து முதல் மரத்தைப் பார்த்தார்.

"எங்கை நாகமுத்து உன்ரை கொக்கு? வெள்ளையாய்க் கிடக்குமெண்டாய்."

"உள்ளுக்கை கிடக்குது ஐயா. கொஞ்சம் தண்ணிக்குள்ளாலை வந்தால் காட்டுவன்."

"இந்தச் சப்பாத்தோடை நான் சேத்துக்கை இறங்கிறதோ? கரையிலை நிண்டு எனக்குத் தெரிய வேணும்."

சட்டம்பியார் கொப்பியைக் கொடுத்தார். விதானையார் புரட்டினார். "இதென்ன, முதலாம் மரம் பதினொண்டு, பன்ரண்டு? ஒரு மரத்துக்கு ரண்டு கணக்கோ? இதைக் கச்சேரிக்கு அனுப்பினால் என்னையெல்லோ பகிடி பண்ணுவாங்கள்? காலமை கிடந்ததெண்டால் இப்ப எங்கை போட்டுது?"

நாகமுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெடி என்று ஒரு சொல் சொன்னால் போதும், பழி எங்கள் மேல் வந்துவிடும். தன் கரைக்கு வந்த விருந்தாளிகளைக் காட்டிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. காடு போனாலும் சொல்லமாட்டார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. நான் முன்னுக்குப் போனேன்.

"விதானையார், இதிலை பொங்கினது நாங்கள். பால் பொங்க வெடி கொளுத்தினம். வெடி கொண்டு வந்தது நான். அதுக்குத்தான் எழும்பிப் போனது. அந்த மனிசன் சத்தம் போடவேண்டாமெண்டு முதலே சொன்னவர்."

விதானையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பால் பொங்கேக்கை வெடி கொளுத்தாமல் பிறகு எப்ப கொளுத்திறது? என்ரை வீட்டிலை மூண்டு கட்டுக் கொளுத்திறனாங்கள்" என்றார். பிறகு முகம் மாறியது. "ஆனால் ஆச்சி, அதுக்காக நான் காணாததை எழுதேலாது. அஞ்சு மணி மட்டும் இருக்கிறன். வந்தால் எழுதுவன். வராட்டில் எழுதமாட்டன். சரி, பதினொண்டோ, பன்ரண்டோ? எண்ணினது ஆர்?"

"நான். பதினொண்டு. கீழை மூண்டு, நடுவிலை அஞ்சு, உச்சியிலை மூண்டு."

"பன்ரண்டு" என்றாள் செல்லாச்சி. "மச்சாள் நிண்ட இடத்திலை இருந்து பின்பக்கத்துக் கொப்புத் தெரியாது."

பதினொரு வருடத்தில் என்னை மச்சாள் என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தெரியாத கொப்பு அந்த மரத்திலை இல்லையெண்டு அவவுக்குச் சொல்லுங்கோ, விதானையார்" என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லேலாது. இனிப் பறவை வந்து சொல்லட்டும்" என்று விதானையார் அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். எங்கள் எல்லாரையும் பின்னால் இருத்தினார்.

நாலு இருபதுக்கு ஒரு கொக்கு வந்து உச்சிக் கொப்பில் இறங்கியது. கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது. அது கூட்டுக்குப் போய்க் குந்தியது. பிறகு இரண்டாவது. பிறகு நாரைகள் இரண்டும் சேர்ந்து வந்தன. காலைத் தொங்கப் போட்டபடி, பெரிய மனிதர்கள் கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி. ஆறாவது இறங்கியபோது விதானையார் கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பென்சிலை எடுத்தார். நாகமுத்து தண்ணீர் விளிம்பில் நின்றபடியே அந்தப் பென்சிலைப் பார்த்தார். அவர் கண் பறவைக்குப் போகவேயில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பதினொன்றும் இறங்கிவிட்டன. கீழே மூன்று, நடுவில் ஐந்து, உச்சியில் மூன்று. நான் சொன்னது சொன்னபடி. செல்லாச்சியை நான் திரும்பிப் பார்க்கவில்லை; பார்க்காமலே அவளுக்கு விளங்கும் என்று இருந்தேன். அப்போது தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து கறுப்பாக ஒன்று வந்தது. நீர்க்காகம். மரத்துக்குப் பின்பக்கமாக வளைந்து போய், நான் காலையில் காணாத ஒரு கொப்பில் இறங்கியது. அங்கே ஒரு கழுத்து மேலே எழும்பி வாயைத் திறந்தது.

"பன்ரண்டு" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்ல முன்பு நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

விதானையார் கொப்பியில் பதினொன்றை வெட்டிவிட்டுத் தன் கடதாசியை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். நாகமுத்து தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

முழுவதும் நல்லதாகவே முடிந்தது என்று எழுதினால் பொய். இரண்டாம், மூன்றாம் மரங்களில் காகம் நாலு கூட்டை வெறுமையாக்கிவிட்டது. நாகமுத்து அதை எனக்குச் சொல்லவில்லை, நான்தான் கேட்டறிந்தேன். அந்த நாலும் என்னால் போனவை. மற்றவர்களின் பிழைகளை நான் நினைவில் வைத்திருப்பது போல் இதையும் வைத்திருப்பேன். ஆனாலும் திரும்பி வரும்போது வண்டியில் என் மனம் நிறைந்துதான் இருந்தது. அணைத்த பொங்கலைக் குடத்தனையில் திரும்ப மூட்டி, கட்டி பட்டுக் கருகினதைப் பதினேழு பேரும் வழித்துச் சாப்பிட்டோம். செல்லாச்சி தன் இலையிலிருந்த முந்திரிகைப் பருப்பை என் இலையில் போட்டாள். நான் சாப்பிட்டேன். கதைக்கவில்லை. ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியும்?

இனிப் போக நினைக்கிறவர்களுக்கு. மாசி நடுவிலிருந்து பங்குனி முடிய மட்டும் போங்கள்; சித்திரை பிறந்தால் குஞ்சு பறந்துவிடும், பிறகு வெறும் மரமும் நாற்றமும்தான். நல்லூரிலிருந்து ஐந்து மணிக்கு முன் புறப்படாவிட்டால் வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேருவீர்கள். குடத்தனை வண்டிக்காரர்களுக்கு இரண்டு நாள் முன்னமே ஆள் அனுப்ப வேண்டும். நாகமுத்து காசு வாங்கமாட்டார். அரிசியோ தேங்காயோ கொண்டு போங்கள், அதைக் குடிசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், கையில் கொடுக்க நிற்க வேண்டாம். குடிக்கிற தண்ணீர் கொண்டு போக வேண்டும், அந்தக் கரைக் கிணறு உவர். பொங்குவதென்றால் போகிற வழியில் ஏதாவது கோயிலில் பொங்கிக்கொண்டு போங்கள். வெடியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வெடி இல்லாத பொங்கலை வைரவர் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்கிறவர்களுக்கு: அணைத்துக் குடத்தனையில் வெடியில்லாமல் திரும்ப மூட்டின எங்களுடையதையே ஏற்றுக்கொண்டார். கறுப்புக் குடை ஒன்று கூடுதலாகக் கொண்டு போனாலும் பிழையில்லை. எண்ணுகிறவர்கள் மரத்தைச் சுற்றி வந்து எண்ணுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நாகமுத்து நல்லூர்க் கோயிலுக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கும் வந்தார். ஏலம் நடந்து முடிந்துவிட்டதாம். சூளைக்காரர் மூன்று பேர் வந்தார்களாம். வடக்குத் துண்டைக் கூறினார்களாம், தெற்குத் துண்டைக் கூறினார்களாம். பிறகு விதானையார் கடதாசியை மடித்து வைத்துவிட்டு எழும்பியிருக்கிறார்.

"நடுத்துண்டு கூறேல்லையோ?" என்று ஒரு சூளைக்காரன் கேட்டானாம்.

"அதிலை ஆக்கள் குடியிருக்கினம்" என்றாராம் விதானையார்.